மூன்று கைதட்டல்

எந்தக் கடலைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "கிஸ்கா ஹை?" யாருடையது இது?

ஃபிஜித் தீவுக்காரர். கரும்புத் தோட்டத்து இந்தியக் குடும்பங்களுக்குப் பக்கத்தில் வளர்ந்ததால் இந்தி பேசுவார். நான் வளைகுடாவில் கற்றுக்கொண்ட இந்தி பேசுவேன். இரண்டும் பாதிப் பாதிதான் ஒன்றோடொன்று ஒட்டும். மீதியை இங்கிலீஷால் நிரப்பிக்கொள்வோம். அஜ்மானில் எங்கள் கட்டடத்தில், எங்களுக்கு அடுத்த ஃப்ளாட்டில் மூன்று வருடம் இருந்தார். கிளினிக்கில் நர்ஸ். கட்டடத்துத் தமிழர்களுக்கு அவர் 'ஃபிஜி சிஸ்டர்', பிள்ளைகளுக்கு ஆன்ட்டி. நான் ஷார்ஜாவில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன் என்பதால் அவருக்கு நான் டீச்சர்.

என் மகள் உயிரோடு இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் இயற்பியல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவரைப் பற்றி நினைக்கத் தொடங்கினால் நான் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். "வாட், அம்மா?" என்கிறாள் அவள். ஒன்றுமில்லை என்கிறேன்.

அவர் கேட்காமல் எதையும் தொடமாட்டார். சாப்பிட வாருங்கள் என்று நாமே கூப்பிட்டிருப்போம். கதவும் திறந்திருக்கும். ஆனாலும் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்பார். நான்காம் மாடிக் கோமதி அக்கா பால்கனியில் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடியை, "எப்ப வேணும்னாலும் பறிச்சுக்கோங்க" என்று அக்காவே சொல்லியும், ஒவ்வொரு இணுக்குக்கும் போய்க் கேட்பார். கோமதி அக்கா வெறுத்துப்போய், "எம்மாடி, செடியையே தூக்கிட்டுப் போயிரு, என்னைய வுட்டுரு" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பிள்ளைகள் அவரைக் கிண்டல் செய்வார்கள். "ஆன்ட்டி, ஸ்கை யாரோடது?" அவர் முகத்தைச் சுளிக்காமல், "விசாரிச்சுச் சொல்றேன்" என்பார். நின்றுபோன லிஃப்ட் மறுபடி நகர்ந்தால் மட்டும் யாரையும் கேட்காமல், "அரோகரா!" என்று கத்துவார். சிறுவயதில் ஃபிஜியில் நாந்தி ஊர்க் கோயில் திருவிழாவில் சாப்பிடப் போன இடத்தில் கற்றுக்கொண்டதாம். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான்.

முதன்முதல் கட்டடத்துக் குடும்பங்களோடு கார்னிஷ் கடற்கரைக்கு வந்த சனிக்கிழமை, எல்லாரும் தண்ணீரில் இறங்கியாயிற்று. அவர் மட்டும் ஒரு கிலோ டீத்தூள் பாக்கெட்டை இரு கையிலும் ஏந்திக்கொண்டு கரையில் நின்றார். அவர்கள் ஊரில் வேறொருவர் கடலுக்குப் போனால் ஒரு வேர்க்கட்டைக் கொண்டுபோய் அந்தக் கடலுக்குரியவர் முன் வைத்து அனுமதி கேட்க வேண்டுமாம். அந்த வேரை விமானத்தில் கொண்டுவந்தால் என்ன கேட்பார்களோ என்ற பயத்தில் டீத்தூள். சரி, யாரிடம் கொடுப்பது? கடைசியில் உயிர்காக்கும் காவலராக நின்ற யாழ்ப்பாணத்துப் பையனிடம் போனார்.

"மேடம், டிக்கெட் ஒண்டும் இல்லை. ஃப்ரீ," என்றான் அவன்.

"இந்தக் கடல் உன்னுடையதா?"

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, இவ என்ன கேக்கிறா?"

"வாங்கிக்கோ தம்பி. வாங்குனாத்தான் அவங்க இறங்குவாங்க."

வாங்கிக்கொண்டான். அவர் மூன்று முறை கைதட்டிவிட்டுத்தான் இறங்கினார். அதன்பின் மூன்று வருடம் அவன் அவரை 'டீ மேடம்' என்றுதான் சொன்னான்.

நான் கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா வள்ளக்காரர். ஆனால் பெண்பிள்ளைகளை யாரும் கடலில் இறக்கியதில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. கணவர் ஃபுஜைராவில் இழுவைக் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் கடலில்தான். இந்த டீத்தூள் கதையை ஃபோனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, எனக்க கேப்டன்கிட்ட சொல்லுதேன். இனி நங்கூரம் போடுததுக்கு முன்ன ஒரு கிலோ டீ."

சிஸ்டருடைய ஊர்க் கடலைப் பற்றி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கரையிலிருந்து பவளப்பாறையின் வெளி விளிம்பு வரைக்கும் கடல் துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒரு குலத்துக்கு. அரசாங்கப் பதிவேட்டிலேயே அது உண்டு. வெளியாள் மீன் பிடிக்க உரிமம் வேண்டுமென்றால் அந்தக் குலத் தலைவரின் சம்மதம் வேண்டும். அவர்கள் துண்டுக்குத் தலைவர் அவருடைய தாய்மாமன். ஒரு விடுதிக்காரர்கள் அங்கே அலையாத்திக் காட்டை மூடி, படகுத்துறை கட்டக் கேட்டிருந்தார்கள். மாமனின் அண்ணன் தம்பிகளில் சிலர் சரி என்றார்கள். மாமன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

சிஸ்டருக்கு அவருடைய தம்பி சட்டத்தின் சில பக்கங்களை வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார். "டீச்சர், நீங்க படிச்சவங்க. இது என்ன சொல்லுது?" என்று சிஸ்டர் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டார். மூன்று தடவை படித்தேன். கடல் ஓதம் ஏறி நிற்கும் கோட்டுக்குக் கீழே உள்ள மண் அரசுக்குச் சொந்தம்; அதன்மேல் மீன் பிடிக்கும் உரிமை மட்டும் குலத்துக்கு. அந்த உரிமை போனால் நஷ்டஈடு உண்டு. எனக்குப் புரிந்ததை அப்படியே சொன்னேன்.

அவர் மேசைமேலிருந்த குழம்புச் சட்டியைக் காட்டினார். "சட்டி அவங்களோடது. குழம்பு எங்களோடது. அப்படியா?"

"கிட்டத்தட்ட."

"சட்டியைக் கவுத்துட்டுக் குழம்புக்கு மட்டும் பணம் தருவாங்களா?"

நான் வகுப்பில் அலையாத்திக் காட்டின் உணவுச் சங்கிலியைப் படம் போட்டு நடத்துகிறவள். அந்தப் படத்தில் சொந்தக்காரர் என்று ஒரு பெட்டி கிடையாது.

மீன் முட்டையிடும் பருவத்தில் இங்கே சில வகை மீன்களைப் பிடிக்கவும் விற்கவும் தடை வரும். மீன் சந்தையில் அந்த அறிவிப்பைப் பார்த்து அவர் மகிழ்ந்துபோனார். "எங்க ஊர் மாதிரியே! யார் செத்தது?" யாரும் சாகவில்லை, மீன் முட்டை போடுகிறது என்றேன். யோசித்தார். அவர்கள் ஊரில் தலைவர் இறந்தால் கடலின் ஒரு பகுதியை நூறு இரவு மூடிவிடுவார்கள். ஒரு கம்பு நட்டுத் துணி கட்டுவார்கள். அவ்வளவுதான், ஒருவரும் இறங்கமாட்டார்கள். நூறாம் நாள் திறந்து, பிடித்த மீனை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். "மீனுக்கே மரியாதையா? நல்லது," என்றார். பிறகு, "ஆனா இந்த நோட்டீஸை மீறினவன் நாளைக்கு யார் முகத்துல முழிப்பான்?" என்றார். இது சட்டத்தைப் பற்றிய கேள்வியா, மனிதரைப் பற்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு. மருத்துவர் நீச்சல் நல்லது என்றார். கட்டடத்தில் நீச்சல்குளம் இல்லை. கார்னிஷில் காவலர் கொடி நட்ட பகுதியில் விடுமுறை நாளில் ஒரே ஆண்கள் கூட்டம்; பதினாறு வயதுப் பெண் கூசுவாள். கடைசிக் கொடியைத் தாண்டி ஒரு கருங்கல் கிடக்கிறது. அங்கே கூட்டம் இருக்காது. சனிக்கிழமை தோறும் சிஸ்டரும் மகளும் அங்கேதான் நீந்துவார்கள். நான் துண்டும் இன்ஹேலரும் வைத்துக்கொண்டு கரையில் இருப்பேன். அவர்கள் இரண்டு பேரும் தலையை மட்டும் வெளியே நீட்டிச் சிரிப்பது அங்கிருந்தே கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

மாமன் இறந்த செய்தி ஒரு புதன்கிழமை வந்தது. சனிக்கிழமை அவர் கடற்கரைக்கு ஒரு துடைப்பக் கம்போடு வந்தார். நுனியில் பூப்போட்ட துணிக் கிழிசல். கடைசிக் கொடிக்கு அப்பால், ஈர மணலில் அதை ஊன்றினார்.

"இங்கேயிருந்து கருங்கல் வரை. நூறு இரவு. நம்மாட்கள் யாரும் இறங்கக் கூடாது."

நம்மாட்கள் என்றால் நானும் மகளும்.

"சிஸ்டர், செத்தவர் கடல் அங்கேயல்லவா இருக்கிறது?" என்றேன்.

"அங்கே மூடியாச்சு. நூறு நாளுக்கு விடுதிக்காரனும் அளக்க வரக்கூடாது. நான் இங்கே இறங்கிக்கிட்டிருந்தா, அவங்க வீட்டுப் பொண்ணே மதிக்கலன்னு ஆகும்."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"டீச்சர், இந்தக் கடல்ல நான் கேட்டு இறங்கினேன். கேட்டு இறங்கினவளுக்கு இங்கேயும் கடமை உண்டு."

மகள் உடனே தலையாட்டிவிட்டாள். அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் சிஸ்டர் இரவு டியூட்டி முடிந்து நேரே வந்து, அந்தக் கம்புக்குப் பக்கத்தில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். நாங்களும் போய் உட்கார்ந்திருப்போம். நீந்தாமல், சும்மா. ஆறு வாரம் அப்படிப் போனது. புழுதிக்காற்றுக் காலம் வேறு. மகளுக்கு மறுபடி இழுப்பு வந்தது. அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருப்பது எப்படியென்று எனக்குத்தான் தெரியும்.

கணவரிடம் புலம்பினேன். "வெப்ராளப்படாத," என்றார். "நம்ம ஊர்லயும் கடல்ல ஆளு போனா, ஒடம்பு கெடைக்குத வரைக்கும் ஒருத்தரும் வள்ளம் இறக்கமாட்டாவல்லா? அது மாதிரின்னு வச்சுக்க."

"அதுக்கு நூறு நாளா? அதுவும் எவனோ ஒருத்தனுக்கு?"

"எவனோன்னு சொல்லாத பிள்ள. அவளுக்க மாமன்."

ஏழாவது சனிக்கிழமை சிஸ்டர் வரத் தாமதமாயிற்று. கடல் தட்டாக, கண்ணாடி மாதிரிக் கிடந்தது. நான் கம்பைப் பிடுங்கினேன்.

"அம்மா! நோ! ஆன்ட்டிகிட்ட ப்ராமிஸ் பண்ணிருக்கேன்."

"இந்தக் கடல் அவங்க மாமனோடதா? மூச்சு உனக்குத்தான மக்கா முட்டுது? போ. பத்து நிமிஷம்."

அழுதுகொண்டே இறங்கினாள். அழுதுகொண்டே நீந்தினால் என்ன ஆகும் என்று ஓர் உயிரியல் ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது அடி போயிருப்பாள். முதலில் இருமல் கேட்டது. பிறகு இருமலும் இல்லை. அந்த அமைதியை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கத்தினேன். காவலர் பையன் தூரத்தில், மறுகோடியில் இருந்தான்.

அப்போது சிஸ்டர் வந்து சேர்ந்திருந்தார். வெள்ளை யூனிஃபாரம், வெள்ளை ஷூ. என் கையிலிருந்த கம்பைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். ஃப்ளாஸ்க்கைப் போட்டுவிட்டு ஓடினார். தண்ணீர் தொடும் இடம் வரை ஓடி, அங்கே நின்றார்.

நின்றார். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். உள்ளங்கைகளைக் குவித்து, குடத்தைத் தட்டுவதுபோல் மூன்று முறை கைதட்டினார். உதடு அசைந்தது. இரண்டாவது தட்டலுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் என் மகளின் தலை ஒருமுறை உள்ளே போய் வந்தது. அதற்குப் பிறகுதான் அவர் இறங்கினார். இறங்கிய பின் அவரைப்போல் நீந்தியவரை நான் பார்த்ததில்லை. ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு, ஷூவோடு நடந்து வெளியே வந்தார். இன்ஹேலரை என் பையிலிருந்து அவரே எடுத்தார். மகள் நாலைந்து முறை வாந்தியெடுத்தாள். பிறகு மூச்சு வந்தது. காவலர் பையன் ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த மூன்று கைதட்டலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நானே தட்டிப் பார்த்திருக்கிறேன். நான்கு விநாடி. மெதுவாகத் தட்டினால் ஐந்து. என் பிள்ளை மூழ்கும்போது செத்துப்போன ஒருவரிடம் அனுமதி கேட்டு நின்றாரே என்று கணவரிடம் ஃபோனில் குமுறினேன். அவர் முழுக்கக் கேட்டார். பிறகு, குற்றம் சொல்வதுபோல் இல்லாமல், விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நீ எங்க நின்ன?"

"கரையில."

"கையில என்ன இருந்து?"

கம்பு இருந்தது. நான் கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்புக்கூட நனையாமல் நின்றிருந்தேன்.

மறுநாள் மதியம் சிஸ்டர் வந்தார். விசேஷங்களுக்கு உடுத்தும் நீளப் பாவாடை. வாசலில் நின்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தவர், நாற்காலியில் உட்காராமல் தரையில் அமர்ந்தார். புதிய டீத்தூள் பாக்கெட் ஒன்றை என் முன்னால் தரையில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டார். அவர் மொழியில் கொஞ்ச நேரம் ஏதோ சொன்னார். பிறகு இந்தியில், "உங்க பிள்ளைக்கு முன்னால நான் செத்தவரை வைச்சேன். தப்பு," என்றார்.

மனதுக்குள் அவர்மேல் கோபம் இருந்தது. என்மேல் அதைவிட அதிகம். பிள்ளையைக் காப்பாற்றியவர் என் காலடியில் உட்கார்ந்திருக்கிறார். நாம் என்ன செய்வோம்? "அய்யோ சிஸ்டர், எழும்புங்க. நீங்கதானே காப்பாத்துனீங்க? இதெல்லாம் எதுக்கு? வேண்டாம், வேண்டாம், நீங்களே வச்சுக்கோங்க," என்று பாக்கெட்டை அவர் பக்கமாகத் தள்ளினேன். அவர் மறுபடி என் பக்கம் நகர்த்தினார். நான் மறுபடி தள்ளினேன். நம் வீடுகளில் பழத்தட்டை இப்படித்தானே நாலு முறை தள்ளிவிட்டுப் பிறகு வாங்குவோம்?

அவர் மூன்றாவது முறை நகர்த்தவில்லை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பாக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் கலக்கிக் கொண்டுவந்த ஜூஸ் அப்படியே இருந்தது. எவ்வளவு பண்பான மனுஷி என்று அன்று நினைத்துக்கொண்டேன். கம்பைப் பிடுங்கியதற்கு நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை.

அதன்பின் லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். லிஃப்ட் நின்று நகர்ந்தபோதும் அரோகரா சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்து, நூறு நாள் முடியும் முன்பே ஊருக்குப் போய்விட்டார். விடைபெற வந்தபோது நான் பள்ளியில் இருந்தேன்.

நான்கு மாதம் மகள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பயம் தெளியவில்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் ஏதோ சின்னச் சண்டை. "நீ யாரையும் ஃபர்கிவ் பண்ணமாட்டே! ஆன்ட்டியையே பண்ணலையே," என்று கத்தினாள்.

"நான் என்ன பண்ணலை?"

"அந்த டீயை டச்கூடப் பண்ணலை. தள்ளி விட்டே. ரெண்டு வாட்டி."

சிஸ்டர் போகும் நாளில் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பவர் திமிங்கலப் பல் ஒன்றைக் கொண்டுபோய் வைப்பாராம். எதிரில் இருப்பவர் அதைத் தொட்டு எடுத்துக்கொண்டால் முடிந்தது. அதன்பிறகு அந்தப் பேச்சே கிடையாது. திருப்பித் தள்ளினால் முடியவில்லை என்று பொருள். "உங்க அம்மா மேல தப்பில்ல. பிள்ளையைப் பெத்தவங்க," என்றாராம். தான் தடையை மீறியதை அவரே ஃபோனில் தம்பியிடம் சொல்லியிருக்கிறார். தம்பி, "அது நம்ம கடலே இல்லையே அக்கா, கணக்கில் வராது," என்று சிரித்தாராம். "அப்ப நான் யாரைக் கேட்டு இறங்கினேன்?" என்று இவர் கேட்டாராம்.

"அம்மாவுக்கு அது தெரியாது மக்கா. நம்ம ஊர்ல வேண்டாம்னு சொல்றதுதான் மரியாதை," என்றேன்.

"நிஜமாவே தெரியாதா?" மகள் என்னை நம்பலாமா என்று பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. "ஒண்ணு கேக்கட்டுமா? கைதட்டினது எனக்குக் கேட்டுச்சும்மா. தண்ணிக்குள்ள. ஆன்ட்டி வந்தாச்சுன்னு தெரிஞ்சுது. அதான் கையைக் காலை அடிக்காம இருந்தேன். நீ ஏன் அதையே தப்பா சொல்றே?"

அவருடைய இங்கத்திய எண்ணை அழைத்தேன். யாரோ ஒரு டிரைவர் எடுத்து, ராங் நம்பர் என்றார். கிளினிக்கில் விலாசம் தர முடியாது என்றார்கள். அவர் மாமன் கையெழுத்திடாத அந்தக் கடல் என்ன ஆயிற்றோ, தெரியவில்லை.

போன சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு கார்னிஷுக்குப் போனேன். காவலர் பையன் தூரத்திலேயே பார்த்துவிட்டான்.

"அக்கா! எங்க போயிட்டீங்கள் இவ்வளவு நாளா? டீ மேடம் போற அண்டைக்கு ஒரு பாக்கெட் தந்திட்டுப் போனவ. டீச்சருக்கு எண்டு."

அவன் கையைப் பார்த்தேன். "எங்க தம்பி?"

அவன் தலையைச் சொறிந்தான். "கோவிக்காதேங்கோ. பாத்துப் பாத்து, குளிருக்கு உடைச்சுப்போட்டம். அடியில கொஞ்சம் கிடக்கு."

காவலர் கூண்டுக்குள்ளிருந்து கிளிப் மாட்டிய பாக்கெட்டைக் கொண்டுவந்தான். இரண்டு கரண்டி இருக்கும். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பிறகு அவனிடமே திருப்பிக் கொடுத்து, அதில் டீ போடச் சொல்லிக் குடித்தேன். பால் இல்லாத டீ, கசந்தது.

"இது செல்லுமா?" என்று மகளிடம் கேட்டேன்.

"டச் பண்ணா போதும்னுதான் சொன்னாங்க. குடிக்கணும்னு சொல்லல," என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

நாங்கள் கடைசிக் கொடியைத் தாண்டிப் போகவில்லை. கொடிகளுக்கு நடுவே அவள் தண்ணீர் தொடும் இடத்தில் நின்று, உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை தட்டிவிட்டு இறங்கினாள். நான் விநாடிகளை எண்ணவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். முழங்கால் வரை நனைந்த பிறகுதான் கேட்காமல் இறங்கிவிட்டது உறைத்தது. மறுபடி கரைக்கு வந்து நின்றேன். கையைக் குவித்தேன். யாரைக் கேட்பது என்று தெரியாமல், முதலில் சிஸ்டரைக் கேட்டேன்.